வாத்தியார் வைத்த நாடகம்

தமிழ் நாடகத்தின் முன்னோடிகள் மூவருக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகத் தந்தை. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத் தலைமையாசிரியர். பரிதிமாற்கலைஞர் நாடகப் பேராசிரியர். ஒருவருக்குக் குடும்பத்தில் இடம் கொடுத்துவிட்டு, மற்ற இருவரைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம். கவிஞர்களுக்கு நாம் இப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கு மகாகவி, பாவேந்தர், கவிமணி என்று தனிப் படித்தரம் உண்டு. நாவல் எழுதியவர் எவரையும் தலைமையாசிரியர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. பரிதிமாற்கலைஞர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 1897-இல் ‘நாடகவியல்’ என்று இலக்கணமே எழுதியவர். அவருக்குப் பேராசிரியர் பட்டம் பொருந்தும். சங்கரதாஸ் சுவாமிகள் எந்தப் பள்ளியிலும் கரும்பலகை முன்னால் நின்றவர் அல்லர். அவரைத் தலைமையாசிரியர் ஆக்கியது எது? தமிழில் நாடகம் எழுதுகிறவரைக் குறிக்கும் சொல் தொடக்கத்திலிருந்தே எழுத்தைச் சேர்ந்த சொல்லாக இருக்கவில்லை, கற்பித்தலைச் சேர்ந்த சொல்லாகவே இருந்தது என்பதுதான் என் விடை. வேறு சொல் கிடைக்காமல் நேர்ந்ததல்ல இது. ஒரு நாடகம் எங்கே இருப்பதாக நம் முன்னோர் கருதினார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

இந்தச் சாட்சியை விசாரிக்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியில் ‘வாத்தியார்’ என்ற சொல் பள்ளிக்கூடத்துக்குள் அடங்கியதே இல்லை. குத்துச்சண்டை கற்றுத்தருபவர் வாத்தியார். சிலம்பம் சுற்றச் சொல்லித்தருபவர் வாத்தியார். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் பெயர் சொல்லிக்கொண்டதே, ஒரு வாத்தியார் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வித்தை போனதைக் கணக்கில் வைத்துத்தான். எம்.ஜி.ஆர். இங்கே வாத்தியார். தெருவில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடவும் ‘இன்னா வாத்யாரே’ போதும். இந்தப் பகுதியின் வடமேற்கு விளிம்பில், மணலி ஆலைகளுக்கும் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறது சடையங்குப்பம். 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரை திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சியாக இருந்த ஊர் அது. அதன் பெயரைத் தமிழ் நாடக வரலாற்றுப் புத்தகங்களில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் அது அமைந்திருப்பது தொண்டை மண்டலத்துக் கூத்து நிலத்தில். திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு என்று பரந்துகிடக்கும் அந்த நிலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடியவிடியக் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். அந்தக் கூத்தை ‘வைக்கிறவர்’ வாத்தியார்.

வாத்தியார் செய்வது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. முழுநேரக் கூத்துக் குழுவில் அவர் பெரும்பாலும் தாளத்தைக் கையில் பிடித்து, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுவார். எந்த ஊரில் எந்தக் கதை, யாருக்கு எந்த வேஷம், கோமாளியாக வரும் கட்டியங்காரன் எவ்வளவு நேரம் இழுக்கலாம், எந்த விருத்தத்தை நீட்டி எதைச் சுருக்கினால் விடிவதற்குள் கர்ணன் சாவான் என்பதெல்லாம் அவர் கணக்கு. அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். தன் வாத்தியாரிடமிருந்து எழுதிக்கொண்டது, தான் சேர்த்தது, வேறு குழுவிலிருந்து கேட்டு எடுத்துக்கொண்டது எல்லாம் அதில் கலந்து கிடக்கும். முழுநேரக் குழு இல்லாத ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஒரு வாத்தியாரைப் பேசி அழைத்து வருவார்கள். அவர் மாதக்கணக்கில் வந்துபோய், பகலில் வயலிலோ ஆலையிலோ வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு இரவில் பாட்டும் அடவும் வசனமும் பழக்குவார். பிறகு அரங்கேற்றம். அந்த இளைஞர்களில் யாருக்கு எந்தச் சுருதி எட்டும், யாருக்கு நாக்குப் புரளாது என்று பார்த்து அவர் பாட்டை மாற்றுவார், வசனத்தை உடைப்பார், சில இடத்தில் புதிதாகவே கட்டுவார். இதில் எழுதுவது எங்கே முடிகிறது, சொல்லிக்கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஆங்கிலம் படித்தவர்கள் நாடகாசிரியர், இயக்குநர், பயிற்சியாளர் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒருவர் செய்தார். அவருக்கு ஒரே பெயர் இருந்தது.

‘பாடம்’ என்ற சொல்லும் இதே கதையைச் சொல்கிறது. நடிகர் மனப்பாடம் செய்யவேண்டிய பகுதி பாடம். வாத்தியார் நடத்துவதும் பாடம். சுவடிகளை ஒப்புநோக்குகிறவர்கள் பாடபேதம் என்னும்போது அதே சொல் நூலின் வாசகத்தைக் குறிக்கிறது. கற்பிப்பதும் கற்பிக்கப்படும் வாசகமும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் மொழியில், நாடகத்தை உண்டாக்கியவரும் அதைக் கற்பித்தவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியதில் வியப்பில்லை.

இது பிற்காலத்து நாட்டுப்புற வழக்கம் மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. வைகாசித் திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக ஆண்டுதோறும் 120 கலம் நெல் கொடுக்க அரசன் செய்த ஏற்பாட்டை அது சொல்கிறது. நெல்லைப் பெறுகிறவர் சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியன். நாடகத்தின் பெயர் இருக்கிறது, ஆடும் மாதம் இருக்கிறது, நெல்லின் அளவு இருக்கிறது. எழுதிய கவி யார் என்பது கல்லில் இல்லை. அந்தச் செய்தி அரண்மனைக்கும் கோயில் பண்டாரத்துக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, நாடகத்தை ஆடி, ஆடவைத்து, தன் வம்சத்தாருக்குக் கொடுத்துவிட்டுப் போகப்போகிற ஆசாரியனின் பெயர்.

ஆசாரியன் என்ற சொல் இரண்டு பக்கம் கிளைத்தது. ஒரு பக்கம் குரு. இன்னொரு பக்கம் தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்கிற ஆசாரி. ஆங்கிலத்தில் நாடகம் எழுதுபவரைச் சொல்லும் ‘பிளேரைட்’ என்ற சொல்லின் பின்பாதிக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கப்பல் கட்டுபவர், சக்கரம் செய்பவர் பெயர்களில் வரும், கைவினைஞர் என்று பொருள்படும் பழைய சொல் அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாடகக் கவி பென் ஜான்சன் அதைக் கேலிச் சொல்லாகத்தான் கையாண்டார்: கவிஞன் என்னும் மரியாதைக்குத் தகுதி இல்லாமல், பலகையை இழைத்துக் கூட்டுவதுபோல நாடகத்தைக் கூட்டுகிறவன் என்று. அங்கே ஆசாரி என்பது வசையாகத் தொடங்கியது. இங்கே ஆசாரியன் என்பது அரசனே கொடுத்த விருதுப் பெயர். இரண்டு நாட்டிலும் நாடகம் செய்பவர் வெறும் கவி அல்லர் என்பதை மக்கள் உணர்ந்திருந்தார்கள்; அதை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதில்தான் வேறுபாடு.

இன்னும் நெருங்கிய உறவு ஏதென்ஸில் இருக்கிறது. டயோனிசஸ் திருவிழாவில் போட்டியிட்ட நாடகக் கவிகளைக் கிரேக்கர்கள் ‘டிடாஸ்கலோஸ்’ என்றார்கள். வாத்தியார் என்பதற்கு அவர்கள் மொழியில் அன்றாடச் சொல் அது. ஊர் அதிகாரி கவிக்கு ஒரு பாட்டுக் குழுவை ஒதுக்குவார். கவி அந்தக் குழுவுக்குப் பாட்டையும் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும். எஸ்கிலஸ் தன் நாடகத்தில் தானே நடித்தார். வெற்றிப் பட்டியலைக் கல்லில் வெட்டியபோது இன்னார் ‘எழுதினார்’ என்று வெட்டவில்லை, இன்னார் ‘கற்பித்தார்’ என்றே வெட்டினார்கள். அரிஸ்டாட்டில் தொகுத்த நாடகப் பட்டியலின் பெயரும் கற்பித்தல் என்ற வேரிலிருந்து வந்ததே. இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டன என்று நான் சொல்லவரவில்லை. திருவிழாவுக்காக, ஊர்க்காரர்களைக் கொண்டு, பாட்டும் ஆட்டமும் கலந்து நாடகம் நடந்த இடங்களில் எழுதியவருக்குக் கற்பிப்பவர் என்று பெயர் விழுவது இயல்பு என்பதற்கு இது துணைச் சான்று.

எதிர்வாதங்களில் வலுவானது சிலப்பதிகாரத்திலிருந்து வரும். அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கிறது. பாட்டு எழுதுகிறவர் புலவர். ஆட்டம் கற்பிப்பவர் ஆசிரியர். பழந்தமிழ் இருவரையும் பிரித்தே வைத்தது, கலந்தது பிற்காலத்துச் சீரழிவு என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கு ஈழத்திலிருந்து இன்னொரு சான்றும் கிடைக்கும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்தை எழுதியவர் புலவர், பழக்கியவர் அண்ணாவியார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964-இல் பதிப்பித்த ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ மாதோட்டத்துப் புலவர் கீத்தாம்பிள்ளையின் பெயரைத் தாங்கியே வருகிறது. சோழர் காலத்திலேயும் திருப்பாதிரிப்புலியூர்ப் பூம்புலியூர் நாடகத்தை இயற்றியவர் செய்தி கல்லில் ஏறியிருக்கிறது. ஆகவே எழுதியவரைத் தமிழர் மதிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தச் சான்றுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை என் பக்கமே சாய்கின்றன. அரங்கேற்று காதையின் புலவர் பலரில் ஒருவர். மாதவியை ஏழாண்டு பழக்கி அரங்கேற்றத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஆசிரியர்கள் கையில். அங்கே புலவர் பாட்டுத் தருபவர், நாடகத்தை வைத்திருப்பவர் அல்லர். ஈழத்திலோ ‘அண்ணாவி’ என்ற சொல்லே என் பேச்சை எடுத்துப் பேசுகிறது. தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு அண்ணாவி என்று பெயர் இருந்தது. மணலில் அரிச்சுவடி எழுதக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் கடல் தாண்டி நின்று கூத்துக் கற்றுக்கொடுப்பவருக்கு நிலைத்தது. புலவர் எழுதிக் கொடுத்த ஏடு ஊர் ஊராகப் போகும். எந்த ஊரில் எந்த மெட்டில் எந்த ஆட்டத்தோடு அது கூத்தாகும் என்பது அண்ணாவியார் முடிவு. மக்கள் ஒரு கூத்தைப் புலவர் பெயரால் அறிவதற்கு முன்பே ‘இன்ன அண்ணாவியார் பழக்கிய கூத்து’ என்று அறிந்திருந்தார்கள். 1960-களில் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது பல்கலைக்கழகப் படிப்பு மட்டும் அதற்குப் போதவில்லை. மட்டக்களப்பு அண்ணாவிமாரின் ஆட்டமும் பாட்டும் தேவைப்பட்டன.

இரண்டாவது எதிர்வாதம் எளிமையானது, அதனால் பதில் சொல்லக் கடினமானது. ‘ஆசிரியர்’ என்றால் தமிழில் பொதுவாகவே நூல் செய்தவர். தொல்காப்பியரை உரைகாரர்கள் ஆசிரியர் என்கிறார்கள். பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். நாடக ஆசிரியர் என்பதில் மட்டும் தனிச் சிறப்பு என்ன? உண்மைதான், அந்தச் சொல்லை மட்டும் வைத்து வழக்காடினால் நான் தோற்றுப்போவேன். ஆகவேதான் ‘வாத்தியார்’ என்ற சொல்லைக் கூண்டில் ஏற்றுகிறேன். உபாத்தியாயர் என்பதிலிருந்து தேய்ந்து வந்த அந்தச் சொல் எந்தக் காலத்திலும் நூல் எழுதுபவரைக் குறித்ததில்லை. பாட்டு வாத்தியார் பாட்டு எழுதுபவர் அல்லர், பாடக் கற்றுத்தருபவர். சுஜாதாவை வாசகர்கள் வாத்தியார் என்றார்கள். அவர் எழுதியதற்காக அல்ல, அவரைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டதாக நினைத்ததற்காக. ஆனால் நாடக வாத்தியார், கூத்து வாத்தியார் என்னும்போது அந்தச் சொல்லுக்குள் நாடகத்தை ஆக்குகிற வேலையும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆசிரியர் என்ற பொதுச் சொல் நாடகத்துக்கு மேலே போர்த்தப்பட்டது. வாத்தியார் என்ற சொல் நாடகத்துக்கு உள்ளிருந்து முளைத்தது.

அச்சுப் புத்தகம் இருந்ததே, அதை வைத்துக்கொண்டுதானே வாத்தியார் வேலை செய்தார் என்று மூன்றாவதாகக் கேட்கலாம். வடசென்னையே அதற்கு விலாசம் தருகிறது. வால்டாக்ஸ் சாலைக்கு அருகே கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் தமிழ்நாட்டுச் சந்தைகள் எங்கும் விற்றன. கர்ண மோட்சம் போன்ற கூத்துப் பிரதிகளும் அந்த வரிசையில் மலிவு விலையில் கிடைத்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் கண் மங்கியவருக்கும் ஏற்ற தடித்த எழுத்து. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூத்தைப் பார்க்க உட்கார்ந்தவர் கால் மணிக்குள் இடத்தைத் தவறவிட்டுவிடுவார். அச்சில் இருக்கும் தருவும் விருத்தமும் முதுகெலும்பு. ஆடும் இரவில் கேட்கிற வசனமும் கட்டியங்காரன் கிண்டலும் அச்சில் இல்லை. வாத்தியாருக்கு அச்சுப் புத்தகம் சரக்கு வாங்கும் கடை, அவ்வளவுதான்.

சங்கரதாஸ் சுவாமிகளிடம் வந்தால் இந்தப் பழைய வேலையின் உச்சத்தைப் பார்க்கிறோம். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அந்தச் சிறுவர்களுக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். பலரும் இதை மேதைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரே இரவில் எழுத முடிந்தது, எழுதுவது அவர் வேலையின் முதல் படி மட்டும் என்பதால். எந்தப் பையனின் குரலுக்கு எந்தப் பாட்டு என்பது அவருக்கு முன்னரே தெரியும், மிச்சத்தைக் காலையில் பாடம் நடத்தும்போது சரிசெய்துகொள்ளலாம். அவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர்கள் வேறு குழுக்களுக்குப் போனார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் தூரம் போனார்கள். இன்று மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ நடக்கிற விதம் அதன் விளைவு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’ விடியும்வரை நடக்கும், ஏனென்றால் எல்லாருக்கும் பாடம் ஒன்று. மேடையில் இயக்குநர் இல்லாமல் நூறாண்டாக ஒரு நாடகம் ஓடுகிறதென்றால் அதன் தலைமையாசிரியர் இன்னும் வகுப்பை முடிக்கவில்லை என்றுதான் பொருள்.

பம்மல் சம்பந்த முதலியார் வேறு உலகத்து மனிதர். 1891-இல் சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். காகிதத்தைக் கொடுத்தால் படித்துக்கொள்ளக் கூடியவர்கள். அவரும் ஒத்திகையில் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தவர்தான். ஆனால் அவருடைய நாடகம் காகிதத்தில் முழுமை பெற்றது. அவர் நாடகங்களைத் தொடர்ந்து அச்சிட்டார். தொழில்முறைக் கம்பெனிகள் தன் நாடகங்களை ஆடினால் உரிமைத்தொகை கேட்டார். 1914-இன் காப்புரிமைச் சட்டம் இந்தக் கோரிக்கைக்குச் சட்ட பலம் தந்தது. காகிதத்துக்கு உரிமையாளர் ஒருவர் வந்துவிட்டால் சொல்லும் இரண்டாக உடைய வேண்டியதுதான். சுவரொட்டியில் பெயர் போட்டுக்கொள்பவர் நாடக ஆசிரியர். நடிகர்களோடு கொட்டகையில் கிடப்பவர் வாத்தியார். முதல் சொல்லுக்கு மதிப்பு ஏறியது. இரண்டாவது சொல் கம்பெனி வீட்டுக்குள்ளும் கூத்துக் களத்துக்குள்ளும் தங்கிப்போனது. பின்னால் சினிமா வந்து ‘கதை வசனம்’ என்று மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டது வேறு கதை.

உடைப்பில் காவல்துறைக்கும் பங்கு உண்டு, அதை நாடக வரலாறுகள் போதுமான அளவு சொல்வதில்லை. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஆட்சிக்கு ஒவ்வாத நாடகத்தைத் தடுக்கும் அதிகாரம் தந்தது. தமிழ்நாட்டில் 1954-இல், எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் கிளப்பிய புயலை ஒட்டி, தனிச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் சென்னையில் நடைமுறையானது. நாடகம் என்றால் தட்டச்சு செய்த பிரதி, பிரதி என்றால் அதன் அடியில் கையெழுத்துப் போட ஓர் ஆசிரியர். ஆடும் இரவில் சேர்த்துப் பேசும் வசனத்துக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை. ராதாவின் பலமே அந்தச் சேர்த்துப் பேச்சுதான் என்பதை அரசு நன்றாக அறிந்திருந்தது. ‘பரீக்‌ஷா’ குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று சொல்லும்வரை இந்த நிலை நீடித்தது.

இரண்டு சொற்களுக்கும் நடுவில் நின்ற ஒருவரைச் சொன்னால் உடைப்பின் கோடு தெளிவாகும். எம். கந்தசாமி முதலியார், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் பேர்பெற்ற வாத்தியார், நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களை மேடைக்கு மாற்றிச் சமூக நாடகத்துக்கு வழி திறந்தவர். எஸ். எஸ். வாசனின் கதையிலிருந்து பிறந்த ‘சதி லீலாவதி’ 1936-இல் படமானபோது எம்.ஜி.ஆர். அதில் முதன்முதலாகத் தோன்றியதற்குக் கந்தசாமி முதலியாரின் துணை இருந்தது. அதற்கும் முன்னர் அவர் எம்.ஜி.ஆரை ரங்கூனுக்கு நாடகமாட அழைத்துப் போயிருந்தார். பர்மாத் தமிழர்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த அந்த நாடகங்களில் யார் எழுதியது என்ற கேள்விக்கும் யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்விக்கும் விடை ஒருவரே. அந்தப் பர்மாவின் பெயர் சடையங்குப்பத்திலும் ஒட்டியிருக்கிறது: அங்கே பர்மா நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. 1960-களில் பர்மாவை விட்டு வரவேண்டியிருந்தவர்களின் வழியில் வந்த பெயர். கந்தசாமி முதலியாரின் பெயரை நாடக இலக்கிய வரலாறுகளில் தேடினால் ஓரிரு வரி. அவர் பிரதிகளை அச்சில் விட்டுச் சென்றவர் அல்லர். ஆட்களை விட்டுச் சென்றவர். அவரிடம் பாடம் கேட்ட எம்.ஜி.ஆரைப் பின்னாளில் வடசென்னைத் தொழிலாளி வாத்தியார் என்று கூப்பிட்டதற்குப் படங்களில் அவர் சொன்ன புத்திமதிதான் காரணம் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். கம்பெனி மேடையில் அந்தச் சொல் முன்பே தயாராக இருந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இங்கே ஒரு கசப்பையும் பேசியாக வேண்டும். வாத்தியார் என்ற சொல்லைக் கொண்டாடுகிறவர்கள் பிரம்பை மறந்துவிடுகிறார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் வீட்டை விட்டு வந்து தங்கினார்கள். பாடம் தவறினால் அடி, ஓடிப்போனால் தேடிப் பிடித்து மறுபடி அடி. நடிகர்கள் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சுப் பிரதியும் எழுதப்பட்ட ஒப்பந்தமும் நடிகனை வாத்தியாரின் கைப்பிடியிலிருந்து ஓரளவு விடுவித்தன என்பதை மறுக்க முடியாது. பெண்களுக்கும் அந்தச் சொல் எளிதில் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தினார். அவர் நினைக்கப்படுவது அழகுக்கும் ஆடம்பரத்துக்கும். பள்ளிக்கூடத்தில் ‘டீச்சரம்மா’ வந்து பல தலைமுறை ஆகிறது, கூத்துக் களத்தில் அதற்கு இணையான சொல் ஊன்றவில்லை. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமிகளும் அடவும் பாட்டும் படித்தார்கள். அங்கே படித்த பெண்கள் இப்போது வேஷம் கட்டுகிறார்கள். அவர்கள் தாளத்தைக் கையில் எடுத்துப் பின்னால் நிற்கும்போது ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று பார்க்க வேண்டும்.

ஆனாலும் சொல்லின் குறையும் சொல் காட்டும் உண்மையும் வேறு வேறு. நம் நாடக வரலாறு பெரும்பாலும் தமிழிலக்கியம் படித்தவர்கள் எழுதியது. அவர்கள் நூலகத்தில் கிடைத்ததை எண்ணினார்கள். 1891-இல் வெளியான ‘மனோன்மணீயம்’ படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம். அதற்கு வரலாற்றில் முழு அத்தியாயம் உண்டு. அதே ஆண்டில் தொண்டை மண்டலத்துத் தோப்புகளில் பழக்கப்பட்ட கூத்துகளுக்கு ஒரு பத்தி, அதுவும் ‘தெருக்கூத்து நிலையிலிருந்து நாடகம் உயர்ந்தது’ என்று தொடங்கும். எழுதியவர் எத்தனை பேர் என்று கேட்டால் சடையங்குப்பம் போன்ற ஊர்களுக்கு விடை சுழியமாகத்தான் வரும். யாரை வாத்தியாராகப் பேசி அழைத்தார்கள், எந்தக் கதையை எத்தனை மாதம் பழகினார்கள், நோட்டு இப்போது யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று கேட்டால் அதே ஊருக்கு வேறொரு விடை கிடைக்கக்கூடும். இரண்டாவது கேள்வியைக் கேட்க அவகாசம் அதிகமில்லை. ஆலை ஷிப்ட்டுக்கும் விடியவிடியக் கூத்துக்கும் ஒத்துவராது. நோட்டுகள் வெள்ளத்துக்குத் தாங்காது.

நாடக ஆசிரியர், வாத்தியார் என்ற இரு சொற்களும் மறுபடி சந்தித்த இடம் ஒன்று உண்டு. சிறுகதை எழுதிக்கொண்டிருந்த ந. முத்துசாமி ‘காலம் காலமாக’, ‘நாற்காலிக்காரர்’ போன்ற நாடகங்களை எழுதி நவீன நாடக ஆசிரியர் என்று பெயர் பெற்றவர். அவரே கூத்தைப் பார்த்த பிறகு, எழுதிய காகிதம் போதாதென்று உணர்ந்து, 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கி, கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப தம்பிரானை அழைத்துத் தன் நடிகர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். புரிசைத் தம்பிரான்களும் சும்மா இருக்கவில்லை. பிரெக்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ நாடகத்தைக் கூத்தாக எடுத்து, முகவீணையோடும் அடவோடும் ‘வெள்ளை வட்டம்’ என்று ஆடினார்கள். அழைப்பிதழில் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் என்று இருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. புரிசையில் அந்தக் கூத்துக்கு வாத்தியார் யார் என்று கேட்டால் யாரும் ஜெர்மானியர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.